நாலரை லிட்டரில் முந்நூறு கிலோமீட்டர்

40 யூனிட் பேட்டரி கொண்ட ஒரு மின்சாரக் காரை எடுத்துக்கொள்வோம். யூனிட் என்றால் வீட்டு மின்கணக்கில் வரும் அதே யூனிட்தான். ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு அது. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். அப்படியானால் அந்தக் காரின் தரைக்கடியில், இருநூறு முந்நூறு கிலோ எடையில் படுத்திருக்கும் பேட்டரிக்குள் இருப்பது, ஆற்றல் கணக்கில் பார்த்தால், நாலரை லிட்டர் பெட்ரோல். பல பைக் டேங்குகளில் அதைவிட அதிகம் பிடிக்கும். இந்த நாலரை லிட்டரை வைத்துக்கொண்டு ஒன்றரை டன்னைத் தாண்டிய ஒரு வண்டி முந்நூறு கிலோமீட்டர் போய்விடுகிறது. மின்சாரக் காரின் ரேஞ்சைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் வியக்க வேண்டியது இதற்குத்தான்.

சாதாரணப் பெட்ரோல் காரின் டேங்கில் 35 லிட்டர் பிடிக்கும். அதாவது முந்நூறு யூனிட்டுக்கு மேல். அதில் சக்கரத்துக்கு வந்து சேர்வது கால்வாசி. மிச்சம் முழுவதும் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் சூடாக வெளியேறிவிடுகிறது. மின்சாரக் காரில் பேட்டரியிலிருந்து புறப்படும் ஆற்றலில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு சக்கரத்தை அடைகிறது. பெரும் முன்னேற்றம்தான். ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. நூறு ரூபாயில் எழுபத்தைந்தை வீணாக்குகிற குடும்பத்தில் கூடுதலாக ஐந்து ரூபாய் செலவானால் யாருக்கும் தெரியாது. பதினைந்தைக்கூட வீணாக்காத குடும்பத்தில் அதே ஐந்து ரூபாய் உடனே தெரிந்துவிடும். எதிர்க்காற்று, வெயில், ஏற்றம், காற்று இறங்கிய டயர் ஆகிய எல்லாமே பெட்ரோல் காரையும் இதே அளவுக்குத்தான் பாதித்துவந்தன. இன்ஜினின் வீணடிப்புக்குள் அவை மறைந்துகிடந்தன. போதாததற்கு, பெட்ரோல் இன்ஜின் சும்மா ஓடும்போது ரொம்ப மோசமாகவும், சுமை கூடும்போது கொஞ்சம் நன்றாகவும் வேலை செய்யும். அதனால் சாலை கூடுதலாகக் கேட்பதில் ஒரு பகுதியை அந்த மாற்றமே ஈடுகட்டிவிடும். மோட்டாரோ ஏறக்குறைய எப்போதும் ஒரே திறனில் ஓடுகிறது. சாலையும் காற்றும் கேட்பதை அப்படியே பேட்டரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. ரேஞ்ச் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுவதன் காரணம் இதுதான். பேட்டரி ஏமாற்றுகிறது என்று நினைப்பது தவறு.

விளம்பரத்தில் வரும் எண் எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடுவோம். இந்தியாவில் விற்கும் கார்களை உருளைகளின் மேல் நிறுத்தி, வகுத்துவைத்த ஒரு வேக அட்டவணைப்படி ஓட்டிப் பார்க்கிறார்கள். திருத்தப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி என்று அதற்குப் பெயர். ஒரு சுற்று இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, தூரம் பதினோரு கிலோமீட்டருக்குள். உச்ச வேகம் 90. அந்த 90-ஐத் தொடுவது கொஞ்ச நேரம்தான். சராசரி வேகம் 32-ஐ ஒட்டியே இருக்கும். ஏசி ஓடாது. மேடு கிடையாது, எதிர்க்காற்று கிடையாது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட இந்த எண் உதவும். திண்டிவனம் தாண்டிப் போகிறவருக்கு உதவாது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆய்வகத்தில் கிடைக்கும் எண்ணை வழக்கமாக 0.7-ஆல் பெருக்கிக் குறைத்த பிறகே மக்களுக்கு அறிவிக்கிறது. நேர்மையான வழக்கம் அது. நம் ஊரில் டாடா நிறுவனம் அண்மைக் காலமாகச் சோதனை எண்ணோடு, வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடைக்கும் தூரம் என்று இரண்டாவது எண் ஒன்றையும் சொல்கிறது. 45 யூனிட் நெக்ஸானுக்குச் சோதனை எண் 489 கி.மீ.; இரண்டாவது எண் 350-ஐ ஒட்டித் தொடங்குகிறது. எல்லா நிறுவனங்களும் இப்படி இரண்டு எண்களை அச்சிட வேண்டும் என்று சட்டமே வரலாம். என்னைக் கேட்டால், ஏசி போட்டு 100 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டினால் எவ்வளவு என்று மூன்றாவதாக ஒன்றும் வேண்டும்.

ஏன் குறிப்பாக அந்த வேகம்? ஓடுகிற காரைத் தடுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று டயர் நசுங்கி நிமிர்வதால் வரும் உருளல் தடை. அது எடையைப் பொறுத்தது. வேகம் கூடினாலும் பெரிதாக மாறாது. மற்றொன்று காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோ எடையுள்ள நடுத்தரக் கார் ஒன்றுக்கு நான் போட்ட கணக்கு இது. 40 கி.மீ. வேகத்தில் அதைத் தடுப்பதில் நான்கில் மூன்று பங்கு டயர். காற்று கால் பங்குதான். 80-க்கு வந்தால் காற்று டயரை முந்திவிடுகிறது. 100-இல் டயரைப்போல இரண்டு மடங்கு, 120-இல் மூன்று மடங்கு. 40 யூனிட் பேட்டரியை முழுதாகத் தீர்க்கும்வரை ஓட்டினால், சீரான 80-இல் சுமார் 290 கி.மீ. கிடைக்கும். 100-இல் 230. 120-இல் 180. வண்டி அதே, பேட்டரி அதே, சாலை அதே.

மின்சாரக் கார்களின் தொடக்கக் காலத்திலேயே இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தை முதலில் தாண்டிய கார் மின்சாரக் கார்தான். 1899 ஏப்ரல் 29 அன்று, பாரிசுக்கு அருகே அஷேர் என்ற இடத்தில், பெல்ஜியத்தைச் சேர்ந்த கமீல் ஜெனாட்சி ஓட்டிய வண்டி 105.88 கி.மீ. வேகத்தைத் தொட்டது. காற்றைக் கிழித்துப் போவதற்காக அதன் உடலை இரு முனையும் கூர்ந்த குண்டைப்போல வடித்திருந்தார்கள். ஓட்டுநரின் மார்பும் தலையும் அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன, சக்கரங்களும் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. ஆகவே பலன் பாதியாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் யோசனை சரியானது. நூற்றிருபது ஆண்டுகள் கழித்து அதை முழுதாக நிறைவேற்றிக் காட்டியது மெர்சிடிஸ் நிறுவனத்தின் இக்யூஎக்ஸ்எக்ஸ் என்ற சோதனைக் கார். 2022 ஏப்ரலில் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் அருகிலிருந்து பிரான்சின் காசி நகரம்வரை, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, ஒரே சார்ஜில் 1,008 கி.மீ. ஓடியது அது. பேட்டரி 100 யூனிட்டுக்கும் குறைவு. 100 கி.மீ.க்கு ஆன செலவு 8.7 யூனிட். நம் சாலைகளில் ஓடும் கார்களின் காற்றுத் தடைக் குணகம் பொதுவாக 0.3-ஐ ஒட்டி இருக்க, இதற்கு 0.17. வித்தையின் பெரும்பகுதி அந்த எண்ணில் அடங்கிவிடுகிறது. அந்தக் காருக்குக் கூரைமேல் பெட்டி கட்டும் கம்பியைப் பொருத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நம் கார்களில் அப்படிப் பொருத்திவிட்டு, ஊருக்குப் போய்வந்த பிறகும் கழற்றாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

வேகத்தால் நேரம் மிச்சமாகிறதே என்றால், அதையும் கணக்கிட்டுவிடலாம். சென்னையிலிருந்து மதுரைக்குச் சுமார் 460 கி.மீ. சீராக 80-இல் போனால் ஐந்தே முக்கால் மணி நேரம். 100-இல் போனால் 69 நிமிடம் மிச்சம். பதினாறரை யூனிட் கூடுதல் செலவு. வழியில் 30 கிலோவாட் சார்ஜரில் அதை ஏற்ற 33 நிமிடம் ஆகும். அரைமணிக்கு மேல் லாபம், போகலாம். இனி 100-இலிருந்து 120-க்கு ஏற்றுங்கள். ஓட்டத்தில் மிச்சமாவது 46 நிமிடம். கூடுதல் செலவு ஏறத்தாழ 22 யூனிட்; அதை ஏற்ற 44 நிமிடம். இன்னொரு முறை சாலையைவிட்டு இறங்கி, சார்ஜர் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, கேபிளை மாட்டிக் கழற்றும் நேரத்தைச் சேர்த்தால், ஆபத்தான வேகத்தில் போனவர் 100-இல் போனவருக்குப் பின்னால்தான் மதுரையில் நுழைவார். விரைவான சார்ஜர் கிடைத்தால் கணக்கு கொஞ்சம் மாறும். கிடைக்கும் என்று நம்பித் திட்டமிட வேண்டாம்.

இதுவரை சொன்னது அசையாத காற்றுக்கு. தமிழ்நாட்டில் ஆண்டின் நான்கு மாதம் காற்று அசையாமல் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையை முட்டி, இடைவெளி கிடைத்த இடமெல்லாம் பாய்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் வருகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசிக்கு வருகிறது. ஆரல்வாய்மொழியில் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிறது. ஆடி மாதத்தில் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்கோ, காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழிக்கோ காரை ஓட்டினால் அந்தக் காற்றை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். காற்றின் வேகம் 30, காரின் வேகம் 80 என்றால் காரின் நெற்றியில் அறைவது 110 கி.மீ. காற்று. ஸ்பீடோமீட்டர் 80 காட்டிக்கொண்டே இருக்கும், செலவு மட்டும் 100-ஐத் தாண்டிய கணக்கில் ஏறும். 290 கி.மீ. ஓட வேண்டிய பேட்டரி 200-இல் தீர்ந்துபோகும்.

திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுமே, சரியாகிவிடாதா? ஆகாது. பின்காற்றில் கார் சந்திக்கும் காற்று 50 கி.மீ. வேகம். 110-இன் வர்க்கம் 12,100. 50-இன் வர்க்கம் 2,500. சராசரி 7,300. காற்றே இல்லாவிட்டால் 80-இன் வர்க்கம் 6,400. போகும்போது எடுத்துக்கொண்டதைக் காற்று வரும்போது முழுதாகத் திருப்பித் தருவதில்லை. போக வரக் கணக்கில் சுமார் 7 சதவீதம் இழப்பாக நின்றுவிடுகிறது. பக்கவாட்டுக் காற்றிலும் லாபம் இல்லை, அது காரின் வடிவத்தைக் குலைத்துத் தடையைக் கூட்டுகிறது. பாதையைத் திட்டமிடும் செயலிகள் காற்றின் திசையையும் கணக்கில் எடுக்கத் தொடங்கியிருப்பது இதனால்தான். தென்காசிப் பக்கம் கார் வைத்திருப்பவருக்கு அந்தத் தகவல் வேறெங்கும் இருப்பவருக்கு ஆவதைவிடப் பெரிய உதவி.

காற்றுக்கு ஒரு மழைக்காலச் சேர்க்கையும் உண்டு. தண்ணீர் தேங்கிய சாலையில் டயர் அந்தத் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வைப்பரும் விளக்கும் கேட்பதைவிட இதற்குத்தான் செலவு அதிகம். டயரில் காற்று குறைந்தாலும் நசுங்கல் கூடி உருளல் தடை ஏறும். ஆனால் எடையைப் பற்றி மக்கள் படும் கவலை தேவையைவிட அதிகம். சமதளத்தில் 80-இல் போகும்போது 100 கிலோ கூடினால் தடை இரண்டரை சதவீதம்தான் கூடும். வேகத்தை 80-இலிருந்து 85 ஆக்கினால் அதைவிட அதிகம் போய்விடும். பாட்டியை அழைத்துப் போகத் தயங்க வேண்டாம்.

வெயிலுக்கு வருவோம். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2019-இல் ஐந்து மின்சாரக் கார்களை ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தது. 35 டிகிரி சூட்டில் ஏசி இல்லாமல் ரேஞ்ச் 4 சதவீதம் குறைந்தது. ஏசி போட்டபோது 17 சதவீதம். பேட்டரிக்கு அந்தச் சூடு பெரிய சிரமம் இல்லை, செலவு வைப்பது உள்ளே உட்கார்ந்திருக்கும் நாம்தான் என்பது இதிலிருந்து தெளிவு. ஏசியின் செலவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மற்றதெல்லாம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று போகும். ஏசி மணிக்கு இவ்வளவு என்று போகும். மே மாத வெயிலில் மணிக்கு 2 யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 100-இல் பறக்கும் காருக்கு அது கிலோமீட்டருக்கு 0.02 யூனிட். சென்னை ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் 20-இல் ஊர்ந்தால் கிலோமீட்டருக்கு 0.1 யூனிட், வண்டியை நகர்த்தும் செலவைவிட அதிகம்.

ஊருக்குள் ஓட்டினால் மின்சாரக் காருக்கு நல்லது என்று சொல்லப்படுவது பொதுவாக உண்மை. சிக்னலில் நிற்கும்போது மோட்டார் எதையும் குடிப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தின் ஆற்றலில் பெரும்பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. ஓட்டுகிறவர்கள் ரீஜென் என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். காற்றுத் தடையோ அந்த வேகத்தில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அக்கினி நட்சத்திரத்தில், உச்சி வெயிலில், ஊர்ந்துகொண்டு போனால், நெரிசலில் ஆகும் செலவு நெடுஞ்சாலையில் 100-இல் போகும் செலவுக்குச் சமமாகிவிடும். இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. வெயிலில் நின்ற காரின் உள்சூட்டைத் தணிக்கும் முதல் சில நிமிடங்களில்தான் ஏசி அதிகம் இழுக்கும். வண்டி வீட்டுச் சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே, கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போன் செயலியிலிருந்து ஏசியைப் போட்டுவிட்டால் அந்தச் செலவு பேட்டரியைச் சேராது. நிழலில் நிறுத்துவது இன்னும் மலிவு.

குளிர் இதைவிடக் கொடியது. அதே சோதனையில் உறைநிலைக்குக் கீழே 7 டிகிரியில், ஹீட்டர் இல்லாமலே 12 சதவீதம் குறைந்தது. ஹீட்டர் போட்டபோது 41 சதவீதம். குளிரில் பேட்டரிக்குள்ளிருக்கும் திரவத்தில் லித்தியம் அயனிகள் மெதுவாக நகர்கின்றன, உள்தடை ஏறுகிறது. பெட்ரோல் காரில் வீணாகும் சூடே உள்ளிருப்பவர்களுக்குக் கணப்பாகிவிடும்; மின்சாரக் காரில் வீணாகும் சூடு போதாததால் பேட்டரியைச் செலவழித்துத்தான் சூடேற்ற வேண்டும். இதையெல்லாம் மீறி நார்வேயில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் 88.9 சதவீதம் மின்சாரக் கார்கள். அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கம் குளிர்காலத்தில் பல கார்களை ஒரே பாதையில் சார்ஜ் தீரும்வரை ஓட்டி, எது எவ்வளவு தூரம் போனது என்று வெளியிடுகிறது. குறையும் என்பதை மறைக்காமல், எவ்வளவு குறையும் என்று முன்னதாகவே சொல்லிவிட்டதுதான் அங்கே நம்பிக்கையை வளர்த்தது என்று நினைக்கிறேன்.

கடைசியாக மலை. நம் ஊர்க்காரர்களை மிகவும் பயமுறுத்துவது இதுதான். உண்மையில் அவ்வளவு பயம் தேவையில்லை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம். ஊட்டி 2,240 மீட்டர். குன்னூர் வழியாகச் சுமார் 50 கி.மீ. தூரத்தில் 1,900 மீட்டர் ஏற்றம். 1,700 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 8.8 யூனிட் வேண்டும். இது இயற்பியல், எந்த நிறுவனத்தின் கார் என்றாலும் குறையாது. டயர், காற்று, மோட்டாரின் இழப்பு எல்லாம் சேர்த்தால் 14 யூனிட் ஆகும். 40 யூனிட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 50 கிலோமீட்டரில் போய்விடுகிறது. காட்டேரி வளைவில் டேஷ்போர்டைப் பார்க்கிறவரின் நெஞ்சு பதறுவது இயல்பு. பல கார்களில் மீதி ரேஞ்ச் என்று காட்டுவது, இதுவரை ஓட்டியதற்கு ஆன செலவை வைத்துப் போட்ட ஊகம். இனி வரப்போவதும் ஏற்றமே என்று அது நினைத்துக்கொள்கிறது. ஊட்டியில் 26 யூனிட் மிச்சம் இருக்கும்போது நூறு கிலோமீட்டருக்கும் குறைவாகக் காட்டக்கூடும். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது சதவீதத்தைத்தான். கிலோமீட்டரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

உயரத்தில் சேர்த்துவைத்த ஆற்றல் காரிலேயே இருக்கிறது. இறங்கும்போது அந்த 8.8 யூனிட்டில் டயருக்கும் காற்றுக்கும் போக மீதி ரீஜென் வழியாக மோட்டாருக்கு வரும். மாற்றத்தில் ஏற்படும் இழப்பையும் கழித்தால் மூன்றரை, நான்கு யூனிட் பேட்டரியில் ஏறியிருக்கும். போய்வந்த 100 கி.மீ.க்கு மொத்தச் செலவு பத்தரை யூனிட் அளவில் நிற்கும். அதே வேகத்தில் சமதளத்தில் 100 கி.மீ. ஓட்டியிருந்தால் எட்டு யூனிட் ஆகியிருக்கும். ஊட்டிவரை ஏறி இறங்கியதன் உண்மையான விலை இரண்டரை யூனிட்தான். பெட்ரோல் காரில் ஏற எரித்தது எரித்ததுதான். இறங்கும்போது அது இன்ஜினிலும் பிரேக் தட்டிலும் சூடாகக் கரைந்துபோகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செலவைவிடப் பாதுகாப்புக்கு முக்கியமானது அது. ஊட்டியில் தங்கும் இடத்தில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு இறங்கத் தொடங்கினால், ரீஜென் தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது. இறக்கத்தின் முதல் பகுதியில் ரீஜென் பெரும்பாலும் வேலை செய்யாது. கொண்டை ஊசி வளைவுகளில் முழுப் பாரத்தையும் சாதாரண பிரேக்தான் தாங்க வேண்டும், தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பு குறையும். பெட்ரோல் காரை இரண்டாவது கியரில் இறக்குவதுபோல இங்கே இறக்க வழியில்லை, மாற்றிப்போடக் கியர் கிடையாது. ஊட்டியில் 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிட்டு, ரீஜெனை உச்ச நிலையில் வைத்து இறங்குங்கள். மேட்டுப்பாளையம் சேரும்போது மீட்டர் 94, 95 காட்டும்.